தாராவியிலிருந்து சயான் எவ்வளவு தூரம்?

தாராவியில் விடிவதற்கு முன்பே இட்லிக் கொப்பரைகளில் ஆவி பறக்கத் தொடங்கிவிடும். இருட்டோடு இருட்டாக அண்டாவைத் தலையிலோ சைக்கிளிலோ ஏற்றிக்கொண்டு மாட்டுங்கா, தாதர், செம்பூர் என்று ஆளுக்கொரு திசையில் கிளம்புவார்கள் இட்லிக்காரர்கள். அவர்களில் ஐம்பது வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம். 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் அவரைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஐந்தரை மணிக்கு அண்டாவைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிடுகிறார். நெஞ்சின் நடுவே ஆட்டுக்கல்லை ஏற்றிவைத்த மாதிரி அழுத்தம். இடது தோளும் தாடையும் கனக்கின்றன. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

“என்னங்க, என்ன செய்யுது?”

“ஒண்ணுமில்ல, வாயுதான். ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு.”

சோடா வருகிறது. பிறகு இஞ்சிச் சாறு. பிறகு யாரோ முதுகை நீவிவிடுகிறார்கள். தெருமுனை கிளினிக் பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரை பார்க்கலாம் என்கிறார் அவர். சயான் ஆஸ்பத்திரி அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அவர் அதன் வாசலில் இறங்கும்போது மணி பதினொன்றரை.

நடுவில் போன அந்த ஆறு மணி நேரத்தில் அவர் நெஞ்சுக்குள் என்ன நடந்தது? மாரடைப்புக்கு இன்று மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது, பலூன் இருக்கிறது, பைபாஸ் இருக்கிறது. இவற்றில் எது அவருக்குக் கிடைக்கும், கிடைத்து எவ்வளவு பலிக்கும் என்பதை அந்த ஆறு மணி நேரம் பெருமளவு தீர்மானித்துவிட்டது.

வீடு நிறையத் தண்ணீர், நாக்கில் வறட்சி

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் என்ற கணக்கில் நாள் முழுக்க ஏழாயிரம் லிட்டர் ரத்தம் அதன் வழியே போகிறது. ஆனால் தன் அறைகளில் நிரம்பி வழியும் அந்த ரத்தத்தை அதனால் குடிக்க முடியாது. உட்சுவரின் மெல்லிய படலம் மட்டும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும்; மீதித் தசை முழுவதும், வெளிப்பக்கமாகச் சுற்றி வரும் கரோனரித் தமனிகளை நம்பித்தான் வாழ்கிறது. இளநீர் உறிஞ்சும் குழலைவிட மெல்லியவை அவை. மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம்தான்.

அதோடு இதயத்தசைக்குச் சேமிப்பும் கிடையாது. உடலின் மற்ற பகுதிகள் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் கால்வாசியை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. இதயத்தசையோ சும்மா இருக்கும்போதே முக்கால்வாசியை எடுத்துவிடுகிறது. வரத்து நின்றால் கூடுதலாகப் பிழிந்தெடுக்க எதுவும் மிச்சமில்லை.

இந்த விசித்திரத்தை மும்பையிலேயே ஒருவர் தீவிரமாக யோசித்தார். மாட்டுங்காவிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் பரேல். அங்கே கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராக இருந்த பி.கே. சென், பாம்பின் இதயத்தைப் பார்த்தார். பாம்புக்கு நம்மைப் போலக் கரோனரிக் குழாய்களின் வலை கிடையாது. இதய அறையில் உள்ள ரத்தமே தசையின் இடுக்குகளுக்குள் நேராகப் புகுந்து ஊட்டுகிறது. மனித இதயத்திலும் அப்படி வழி உண்டாக்கினால் என்ன? தசையில் ஊசியால் நுண்துளைகள் இட்டு, அறையிலுள்ள ரத்தத்தைத் தசையே குடிக்கும்படி செய்ய முயன்றார். அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1965-இல் வெளியானது. அதே சென்தான் 1968 பிப்ரவரியில் கே.இ.எம்.மில் இந்தியாவின் முதல் இதயமாற்று அறுவையைச் செய்தவர். கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் இதயமாற்றைச் செய்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

ஊசித் துளைகள் நிலைக்கவில்லை. காயம் ஆறும்போது அவையும் மூடிக்கொண்டன. பிற்பாடு லேசரால் துளையிட்டுப் பார்த்தவர்களாலும் நோயாளியின் ஆயுளைக் கூட்ட முடியவில்லை. ஆனால் சென் எடுத்துக்கொண்ட வேலைதான் இன்றுவரை மாரடைப்பு சிகிச்சை முழுவதும்: தவிக்கும் தசைக்கு எப்படியாவது ரத்தம் போய்ச் சேர வேண்டும்.

காயத்தை ஆற்றும் கைகளே கழுத்தை நெரிக்கும்போது

பாத்திரம் கழுவும் தொட்டியில் அழுக்கு சேர்ந்து ஒருநாள் அடைத்துக்கொள்வது போல மாரடைப்பு வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல. தமனியின் சுவருக்குள் கொழுப்பு ஒரு கொப்புளம் போலத் திரண்டிருக்கும். மேலே மெல்லிய மூடி. குழாயில் பாதிகூட அடைபட்டிருக்காது. அதனால் டிரெட்மில்லில் ஓடிக் காட்டினாலும் எல்லாம் சரி என்றே வரலாம். ஒருநாள் அந்த மூடி கிழிகிறது. உள்ளே இருக்கும் சரக்கு ரத்தத்தைத் தொட்டதும், ‘காயம் பட்டுவிட்டது’ என்று ரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டுகின்றன. அவற்றின் மேல் ஃபைப்ரின் நூல்கள் வலை பின்னுகின்றன. அரிவாள்மணை விரலைக் கீறும்போது நம்மைக் காப்பாற்றுவது இதே ஏற்பாடுதான். மூன்று மில்லிமீட்டர் குழாய்க்குள் அதே வேலையை அது செய்தால் வழி அடைபடுகிறது. காலையில் ரத்த அழுத்தம் ஏறும், தட்டணுக்களின் ஒட்டும் தன்மையும் கூடும். இட்லிக்காரர் கிளம்பும் வேளை அது. மாரடைப்பு அதிகம் வருவதும் காலை ஆறிலிருந்து நண்பகலுக்குள்தான்.

குழாய் அடைத்த ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதித் தசை சுருங்குவதை நிறுத்திவிடும். ஆனால் சாவதில்லை. சாவு இருபது நிமிடத்துக்குப் பிறகு தொடங்கி, உட்சுவரிலிருந்து வெளிச்சுவரை நோக்கி அலை போல நகர்கிறது. இதை 1977-இல் அமெரிக்காவில் ரெய்மரும் ஜென்னிங்ஸும் நாய்களின் இதயத்தில் அளந்து காட்டினார்கள். அடைப்பை நாற்பது நிமிடத்தில் நீக்கினால், ஆபத்திலிருந்த தசையில் 38 சதவீதம் செத்திருந்தது. மூன்று மணி நேரம் கழித்து நீக்கினால் 57 சதவீதம். ஆறு மணி நேரமானால் 71. நாயின் கணக்கு அப்படியே மனிதருக்குப் பொருந்தாது என்றாலும் போக்கு ஒன்றுதான். சோடா குடித்து, இஞ்சிச் சாறு குடித்து, முதுகை நீவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்த அலை நகர்ந்துகொண்டிருந்தது.

தொண்டைக் கிருமியும் சமையலறை பலூனும்

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் நடக்க வேண்டிய முதல் காரியம் ஈசிஜி. பத்து நிமிடத்துக்குள் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலக மருத்துவர்களின் ஒப்பந்தம். காகிதத்தில் ஓடும் கோட்டின் ஒரு பகுதி மேட்டைப் போலத் தூக்கி நின்றால், குழாய் முழுக்க அடைத்திருக்கிறது என்று பொருள். உடனே திறந்தாக வேண்டும். கோடு அப்படித் தூக்காமல் ரத்தப் பரிசோதனை மட்டும் தசை சேதத்தைக் காட்டினால், அடைப்பு பெரும்பாலும் முழுமையில்லை. அவர்களுக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி கிடையாது. மருந்தில் நிறுத்தி வைத்து, ஆஞ்சியோ (குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுக்கும் படம்) பார்த்து முடிவெடுப்பார்கள்.

முதல் மருந்து ஒன்றிரண்டு ரூபாய் மாத்திரை. ஆஸ்பிரினை அப்படியே விழுங்காமல் மென்று விழுங்கச் சொல்வார்கள். மென்றால் வேகமாக ரத்தத்தில் ஏறும், தட்டணுக்கள் மேலும் ஒட்டாமல் தடுக்கும். அதன் பலத்தை 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு காட்டியது. பல நாடுகளின் 417 ஆஸ்பத்திரிகளில் 17,187 நோயாளிகள். ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள், இரண்டு மருந்தும் கிடைக்காதவர்களில் 13.2 சதவீதம், ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சேர்ந்து கிடைத்தவர்களில் 8 சதவீதம்.

அந்த ஸ்ட்ரெப்டோகைனேஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? தொண்டையைப் புண்ணாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமியிடமிருந்து. உடல் கட்டும் ஃபைப்ரின் வேலியை உடைத்துக்கொண்டு பரவுவதற்காகக் கிருமி வைத்திருந்த கருவி அது. வில்லியம் டில்லட் 1933-இல் அதைக் கண்டறிந்தார். கொள்ளைக்காரனின் கடப்பாரையைப் பிடுங்கி, அடைபட்ட கதவைத் திறக்கப் பயன்படுத்தியது போலத்தான். இப்போது டெனெக்டிப்ளேஸ் என்ற ஊசி இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகைனேஸை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். டெனெக்டிப்ளேஸைச் சில நொடிகளில் ஒரே தள்ளில் போட்டுவிடலாம். நூறு பேருக்கு ஒருவர் வீதம் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு என்பதால் எல்லோருக்கும் போட முடியாது. நேரமாக ஆகக் கட்டு இறுகிவிடும், ஊசியின் பலனும் குறைந்துவிடும்.

அடுத்தது பலூன். ஆந்திரியாஸ் குருன்ட்ஸிக் என்ற மருத்துவர் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் பசையும் குழாயுமாக உட்கார்ந்து மிகச் சிறிய பலூன்களைச் செய்தவர். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில், 38 வயது நோயாளி ஒருவரின் கரோனரித் தமனிக்குள் அதை நுழைத்து ஊதி வழியைத் திறந்தார். நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருந்தார். 1986-இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஸ்டென்ட் என்ற உலோக வலை முதன்முதலாக மனித இதயக் குழாய்க்குள் போனது. இந்தியாவில் இந்தச் சிகிச்சையைப் பரப்பிய முன்னோடி சென்னையில் பணிபுரிந்த மாத்யூ சாமுவேல் களரிக்கல். முன்பு தொடை இடுக்கு வழியே போன பலூன் கம்பி இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியே போகிறது.

பல குழாய்களில் அடைப்பு இருந்தாலோ, முக்கிய இடக்குழாயே பழுதாகியிருந்தாலோ, அடைப்பைத் தாண்டி மாற்றுக் குழாய் தைக்கும் பைபாஸ். இந்தியாவில் அதை முதலில் செய்தவர் கே.எம். செரியன், சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், 1975-இல்.

ஊசியா, பலூனா? முதல் ஈசிஜி பார்த்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பலூன் போட முடியுமானால் பலூன். முடியாதென்றால் காத்திருக்கக் கூடாது. ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்த மூன்றிலிருந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோவுக்கு அனுப்ப வேண்டும். வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்தவர்களில் இந்த இரண்டாம் வழி, முதல் வழிக்கு ஏறக்குறைய இணையாகவே பலன் தந்தது என்று 2013-இல் ஸ்ட்ரீம் ஆய்வு காட்டியது. பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கும் ஊர்களுக்கு எவ்வளவு நல்ல செய்தி இது!

ஏழையின் இதயம் பலவீனமானதா?

இந்தியாவின் மாரடைப்புக் கணக்கை முதன்முதலில் பெரிய அளவில் எழுதிப் பார்த்தது ‘கிரியேட்’ பதிவேடு. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவர்கள் டெனிஸ் சேவியர், பிரேம் பாய்ஸ் முதலியோர் 20,937 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2008-இல் வெளியிட்டார்கள். நோயாளிகள் ஆஸ்பத்திரி வந்து சேர எடுத்துக்கொண்ட இடைநிலை நேரம் 360 நிமிடம். நம் இட்லிக்காரரின் அதே ஆறு மணி நேரம். ஆஸ்பத்திரிக்கு வந்தபின் ஊசி ஏறுவதற்கு ஆனது 50 நிமிடம்.

இன்னொரு கணக்கும் அதில் இருந்தது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் பணக்காரர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். ஏழைக்குச் சாப்பாடு சரியில்லை, புகையிலை அதிகம், உடம்பு தளர்ந்துவிட்டது என்று காரணம் சொல்லத் தோன்றும். ஆய்வாளர்கள் அதையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். வித்தியாசம் போகவில்லை. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் எடுத்தபோது மட்டும் அது மறைந்துவிட்டது. ஊசியும் பலூனும் மாத்திரையும் ஒன்றாகக் கிடைத்தால் தாராவிக்காரரின் இதயமும் மலபார் ஹில்காரரின் இதயமும் ஒரே மாதிரி பிழைக்கும் என்பதுதான் அதன் பொருள்.

தமிழ்நாட்டில் இதைச் செய்து காட்டினார்கள். கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று 2012-இல் தொடங்கிய திட்டத்தில், சிறிய ஆஸ்பத்திரிகளும் பெரிய இதயச் சிகிச்சை மையங்களும் ஆம்புலன்ஸ்களும் ஒரே வலையில் இணைக்கப்பட்டன. சிறிய இடத்தில் ஈசிஜி எடுத்து ஊசி போட்டு, மறுநாளைக்குள் பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஆஞ்சியோ பார்க்கப்பட்டவர்கள் 35 சதவீதம், பிறகு 60.8 சதவீதம். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தனர். புது மருந்தோ புதுக் கருவியோ வரவில்லை. இருந்ததை உரிய நேரத்தில் கொண்டுசேர்த்தார்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்திலும் இதே தர்க்கம்தான். நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று பதினான்கு மாத்திரை கொடுத்துவிட்டு மேலே அனுப்புகிறார்கள்.

தாராவியின் சிக்கல் கிலோமீட்டரில் இல்லை. பழைய ராணுவக் கொட்டகையில் 1947-இல் தொடங்கிய சயான் ஆஸ்பத்திரி இன்று மாநகராட்சியின் மிகப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று. லோகமான்ய திலக் என்ற பெயரைப் பலகையில்தான் பார்க்கலாம், எல்லோர் வாயிலும் அது சயான்தான். ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது. நோயாளியை நாற்காலியில் வைத்துத் தூக்கித்தான் மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். 1912-இல் கட்டிய சயான் ரயில்வே மேம்பாலம் இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டில் மூடப்பட்டபோது, தண்டவாளத்துக்கு அந்தப்புறம் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வண்டிகள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. செலவு குறித்த பயமும் ஒரு தடைதான். மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிபா பூலே ஜன ஆரோக்ய திட்டத்தில், பலூன் சிகிச்சையான ஆஞ்சியோபிளாஸ்டிக்கு இடம் உண்டு. லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. வரம்பு அவ்வப்போது சற்று மாறுகிறது. இத்தனைக்கும் மேல், ‘வாயுதான்’ என்ற ஒரு சொல் தின்னும் நேரத்தைச் சந்தும் பாலமும் சேர்ந்தாலும் தின்பதில்லை.

பிழைத்த பிறகு

செத்த தசை மீண்டும் முளைக்குமா? இதற்குப் பதில் அணுகுண்டிலிருந்து கிடைத்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏற்றிவிட்டன. 1963 தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாக இறங்கியது. செடி வழியே சோற்றிலும், சோற்றின் வழியே நம் செல்களின் மரபணுவிலும் அந்தந்த ஆண்டின் அளவு முத்திரையாகப் பதிந்திருக்கிறது. ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃபிரிசேனின் குழு அந்த முத்திரையைப் படித்து, இதயச் செல்கள் எந்த ஆண்டு பிறந்தவை என்று 2009-இல் கணக்கிட்டது. இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் செல்கள் புதிதாகின்றன. எழுபத்தைந்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஆக, இதயம் புதுப்பித்துக்கொள்கிறது; ஆனால் ஒரு மாரடைப்பின் இழப்பை ஈடுகட்டும் வேகத்தில் அல்ல. செத்த இடத்தில் சில வாரங்களில் தழும்புதான் வளரும். அது சுருங்காது, மீதித் தசைதான் அதன் பங்கையும் இழுக்க வேண்டும்.

ஆகவேதான் டிஸ்சார்ஜ் காகிதத்தில் எகோ ஸ்கேன் முடிவைப் பார்க்கிறார்கள். இடது அறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்ற எண் அது. 50-க்கு மேல் என்றால் நல்லது. 40-க்குக் கீழே போனால் மூச்சிரைப்பு, கால்வீக்கம், தாறுமாறான துடிப்பு ஆகியவற்றின் ஆபத்து ஏறும். சீக்கிரம் குழாய் திறந்தவருக்கு, மயங்கிக் கிடந்த தசை சில வாரங்களில் விழித்துக்கொண்டு இந்த எண் ஏறுவதும் உண்டு.

அரை நூற்றாண்டுக்கு முன்பெல்லாம் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையைவிட்டு எழவிடமாட்டார்கள். இப்போது சிக்கல் இல்லாதவர்கள் மூன்று நான்கு நாளில் வீடு திரும்பி நடக்கப் பழகுகிறார்கள். ஸ்டென்ட் வைத்தாயிற்று, நோய் போயிற்று என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்றம். ஸ்டென்ட் திறந்தது ஓர் இடத்தை. மற்ற கொப்புளங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றின் மூடியைக் கிழியாமல் காப்பது தினசரி மாத்திரையும் புகையிலையை விடுவதும்தான். ஆனால் 2011-இல் வெளியான ‘பியூர்’ ஆய்வில், இந்தியா உள்ளிட்ட குறைந்த வருமான நாடுகளில் இதயநோயோ பக்கவாதமோ வந்தவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் உரிய மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. தெற்காசியர்களின் முதல் மாரடைப்பு மற்ற நாட்டினரைவிட ஆறு ஆண்டு முன்பே, சராசரியாக 53 வயதில் வருகிறது. மாத்திரையோடு வாழ வேண்டிய காலம் நமக்கு நீளம்.

எனவே இதைப் படிப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நெஞ்சின் நடுவில் அழுத்தம், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, இவை பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் சோடாவைத் தேடாதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலோ வாந்தியோ பெரும் களைப்போ மட்டும் வரலாம். 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி தாமதமானால் டாக்ஸி பிடியுங்கள், நோயாளி தானே வண்டி ஓட்டவோ படி இறங்கவோ கூடாது. ஈசிஜி இல்லாத கிளினிக்கில் நிற்காதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவு நோயோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் மென்று விழுங்கலாமா என்று போனிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சைத் திட்டத்துக்காக ரேஷன் கார்டும் ஆதாரும் ஒரே பையில் இருக்கட்டும்.

வந்தது வாயுதான் என்று ஈசிஜி பார்த்த மருத்துவர் சொன்னால், சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம். அந்தத் தீர்ப்பை மட்டும் வீட்டிலிருந்தபடி நாமே சொல்லிக்கொள்ள வேண்டாம்.